பதினாலாம் மாதம்

ஹெப்சிபாவை இதுவரை எந்த மனிதரும் எதிரே உட்கார வைத்துக் கேள்வி கேட்டதில்லை. ஆனாலும் வேளச்சேரி முதல் சிறுசேரி வரை இருக்கும் கம்பெனிகள் எல்லாம் அவளை வேண்டாம் என்று சொல்லிவிட்டன. ஒருவராவது முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லியிருந்தால் மனது ஆறியிருக்கும். முகத்தில் என்ன குறை என்று கண்ணாடியையாவது பார்த்துக்கொண்டிருக்கலாம்.

இப்போதெல்லாம் வேலை கேட்டு ஆள் போவதில்லை, நகல்தான் போகிறது. படிப்பு முடிந்த கையோடு ஒரு மாதம் மணிக்கட்டில் சாம்பல் நிறப் பட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். நீ பேசுவது, பேச வந்து விழுங்குவது, யாரிடம் எரிந்து விழுகிறாய், யார் குரலைக் கேட்டால் உன் நாடி தணிகிறது, கடையில் எதை எடுத்து எதைத் திரும்ப வைக்கிறாய் என்று சகலத்தையும் அது குறித்துக்கொள்ளும். மாதக் கடைசியில் அதிலிருந்து உன்னைப் போலவே யோசிக்கிற ஒன்றைச் செய்துவிடுவார்கள். கம்பெனிக்காரர்கள் அந்த நகலை ஒரு பொய் அலுவலகத்துக்குள் விட்டு, மத்தியானச் சாப்பாடு முடிவதற்குள் ஐந்து வருடம் வேலை வாங்கிவிடுவார்கள். தாக்குப்பிடித்தால் உனக்கு ஆஃபர். இல்லாவிட்டால் ஒற்றை வரியில் குறுஞ்செய்தி.

ஹெப்சிபாவுக்கு வந்த குறுஞ்செய்திகள் எல்லாம் ஒரே அச்சு. தங்கள் நகல் பதினான்காம் மாதத்தில் ராஜினாமா செய்கிறது. காரணம், சொந்தக் காரணம்.

காப்பீட்டுக் கம்பெனியில் நகலை ஓட்டினாலும் பதினாலாம் மாதம். பல்பொடி விற்கும் கம்பெனியில் ஓட்டினாலும் பதினாலாம் மாதம். விடுதியில் அவளுக்குப் பெயரே பதினாலு என்று ஆகிவிட்டது. "ஏ பதினாலு, பாத்ரூம் காலி" என்று கதவைத் தட்டினார்கள். அவளும் சிரித்துக்கொண்டே பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

வேடிக்கை என்னவென்றால், இருந்த இடத்தை விட்டு அசையாதவள் என்று பெயர் எடுத்தவள் அவள். கல்லூரியில் முதல் நாள் உட்கார்ந்த பெஞ்சில்தான் கடைசி நாளும் உட்கார்ந்திருந்தாள். மெஸ்ஸில் எலுமிச்சைச் சாதத்துக்கு எதிராகப் போராட்டம் நடந்தபோது, ஓர் ஓரமாக அதே எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள். அப்படிப்பட்டவளுடைய நகல் எந்த வேலையிலும் தரிக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்? அவள் நம்பினாள். இயந்திரம் பொய் சொல்லாது என்று பாடம் படித்தவள் ஆயிற்றே. எனக்குள் ஏதோ ஒரு ஓடுகாலி ஒளிந்திருக்கிறாள் என்று தன்னையே சந்தேகப்பட்டுப் பின்தொடர ஆரம்பித்தாள். பேருந்தில் இருக்கை மாறினால் பயம். பாதிப் படத்தில் தூக்கம் வந்தால் பயம். ஒரு இடத்தில் நிற்க முடியாமல் அறைக்கும் மொட்டை மாடிக்குமாக நடந்தாள். உண்மையாகவே தரிக்க முடியாதவளாக மாறிக்கொண்டிருந்தாள்.

இதற்கு நடுவில் தினம் சாயங்காலம் இசக்கியம்மாளின் போன் வரும்.

"ஏளா எப்சி, கெடச்சிட்டா?"

"இல்ல."

"நாளைக்குக் கெடச்சிரும். சாப்பிட்டியா? தல குளிச்சியா? ஒங்கம்மைக்கு முட்டுவலி எப்படி இருக்கு?"

"சரி, வைக்கேன்."

இருவரும் ஒரே ஊர்ப்பக்கம். ஹெப்சிபா பாளையங்கோட்டை, இசக்கி ஆழ்வார்குறிச்சி. நான்கு வருடம் ஒரே அறை. ஒருத்தி தூங்கினால் இன்னொருத்தி குரலை மாற்றி இரண்டு பேருக்கும் 'பிரசென்ட் சார்' சொல்வாள். இசக்கி ஊருக்கெல்லாம் ஓடுகிறவள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் இவள் தூக்கம் கெடும். அவளுக்குத் தரமணியில் ஒரு பெரிய கம்பெனியில் முதல் ஓட்டத்திலேயே வேலை கிடைத்துவிட்டது. அவளுடைய நகல் ஐந்து வருடமும் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்ததாம். அதைக் கேட்டு விடுதியே சிரித்தது. இசக்கியா, அவள் ஐந்து நிமிடம் உட்காரமாட்டாளே!

தினமும் அந்தக் கேள்வியைக் கேட்கக் கேட்க ஹெப்சிபாவுக்கு எரிச்சல் மண்டியது. கிடைத்தவளுக்குக் கேட்பதற்கு என்ன கேடு? சில நாள் போன் அடிப்பதைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தாள்.

படித்து முடித்து இரண்டு வருடம் தாண்டினால் 'புதியவர்' பட்டியலில் இருந்து பெயரை எடுத்துவிடுவார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை மறுபதிவு செய்துகொள்ளலாம். அவளுக்கு மீதியிருந்தது அந்த ஒரு வாய்ப்புதான். அதுவும் பதினாலாம் மாதத்தில் கவிழ்ந்தால் ஊருக்குத் திரும்பி, தெருவில் எதிர்ப்படுகிறவர்கள் எல்லாருக்கும் பதில் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அந்தப் பயத்தில்தான் அவள் நந்தகோபாலிடம் போனாள்.

நந்தகோபால் முன்பு நகல் ஓட்டும் கம்பெனி ஒன்றில் இருந்தவர். இப்போது வேளச்சேரியில் ஒரு செல்போன் கடைக்கு மேலே 'நிலைபேறு தொழில் ஆலோசனை மையம்' நடத்துகிறார். வாசலில் சிரித்த முகங்களாக ஒட்டி, கீழே எந்தக் கம்பெனி என்று எழுதியிருப்பார். ஓயாமல் பட்டர் பிஸ்கட் தின்பார். பட்டை கட்டும் மாதத்தில் எப்படி வாழ வேண்டும் என்பதுதான் அவர் நடத்தும் பாடம்.

"யாராவது ஹெல்ப் கேட்டா உடனே தலையாட்டக் கூடாது. மனசுக்குள்ள ஒரு மூச்சு விட்டுட்டு, 'பாக்கறேன்'னு சொல்லணும். பக்கத்துல ஒருத்தர் அழுதா என்ன பண்ணணும்?"

வகுப்பே சேர்ந்து சொன்னது. "தண்ணி குடிக்கணும் சார்."

"கரெக்ட். அவங்களுக்குக் குடுக்கறதில்ல. நாம குடிக்கணும். நாடி ஏறாது."

வகுப்பு கலைந்த பிறகு ஹெப்சிபா எழுந்திருக்கவில்லை.

"சார், இதெல்லாம் நான் ஏற்கனவே இப்படித்தான் இருக்கேன். யாரு அழுதாலும் எனக்கு ஒண்ணும் ஆவாது. பின்ன ஏன் என் நகல் மட்டும் ஓடிப்போவுது? எதைச் சரி பண்ணணும்னே தெரியாம எதைச் சரி பண்ண?"

நந்தகோபால் அவளுடைய ஓட்டங்களின் வரைபடங்களை மடிக்கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் அறுந்திருந்தன. பிஸ்கட்டைக் கீழே வைத்தார். அவர் அதைக் கீழே வைத்து ஹெப்சிபா பார்த்ததே இல்லை.

"ஒரு நகல் ஒரு ஆபீஸ்ல ஆறு மாசத்துல போகும், இன்னொண்ணுல மூணு வருஷம் நிக்கும். இடத்துக்குத் தகுந்த மாதிரி மாறும்மா. இது எங்க விட்டாலும் ஒரே மாசத்துல போகுதுன்னா ஆபீஸ் காரணமில்ல. எதையோ மனசுல வெச்சிட்டே உள்ள வருது."

"அதை அதுகிட்டயே கேட்டா என்ன?"

"நகல்கூடப் பேசறது தப்பு. சட்டப்படியே தப்பு. பேசினா அது குழம்பிடும்." கதவை ஒருமுறை பார்த்தார். பழைய மென்பொருள் அவர் கைவசம் இருந்தது, அதைவிட முக்கியமாக ஆர்வம் இருந்தது. "கதவைச் சாத்துங்க."

பதிமூன்றாம் மாதத்தின் கடைசி வரை நகலை ஓட்டி நிறுத்தினார். மடிக்கணினியின் சின்ன ஒலிபெருக்கியில் இருந்து ஹெப்சிபாவின் குரல் வந்தது. பதிவு செய்யும் நாளில் அவள் கொடுத்த மாதிரிக் குரலில் இருந்து செய்தது. தன் குரல் தன்னைவிட்டுத் தள்ளி உட்கார்ந்திருப்பதைக் கேட்டு அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"வேலை எப்படிப் போகுது?" என்று கேட்டார் நந்தகோபால்.

"நல்லாத்தான் போவுது சார். எல்லாரும் நல்லவங்க."

"அப்புறம் எதுக்கு அடுத்த மாசம் பேப்பர் போடறதா இருக்கீங்க?"

"அது சொந்தக் காரணம் சார்."

ஹெப்சிபாவால் பொறுக்க முடியவில்லை. மேசைமேல் குனிந்தாள். "என்ன பெரிய சொந்தக் காரணம்? சொல்லித் தொலையேன்."

"நீங்க யாரு?"

நான்தான் நீ என்று சொல்ல நாக்கு எழவில்லை. "ஊர்க்காரி. திருநெல்வேலி."

அந்தக் குரல் சட்டென்று இளகியது. "ஊர்க்காரியா? அப்பம் எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுவியளா? பாளையங்கோட்டையில எப்சின்னு ஒருத்தி. என் கூடப் படிச்சவ. அவளுக்கு வேலை கெடச்சிட்டான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்களேன்."

நந்தகோபால் ஹெப்சிபாவைப் பார்த்தார். ஹெப்சிபா நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். அவளை எப்சி என்று கூப்பிடுகிறவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

"தினம் போன் போடுதேன்," என்றது குரல். "அடிச்சிக்கிட்டே இருக்கு. எடுக்கவே மாட்டேங்கா. அவளுக்குக் கெடைக்கலன்னுதான் அர்த்தம். கெடச்சிருந்தா எடுத்துருப்பா. இது அவ இருக்க வேண்டிய எடம். கயிறு மாறிட்டு. நான் பாத்தேன், பட்டைக்கு உள்பக்கம் அவ நம்பர்தான் இருந்துச்சு. சொன்னா ரெண்டு பேரு பதிவும் செல்லாதுன்னுருவாங்களோன்னு பயந்துக்கிட்டு வாயத் தொறக்கல. அவ கெட்டிக்காரி, எப்படியும் கெடச்சிரும்னு நெனச்சேன். இன்னும் கொஞ்ச நாள் பாப்பேன். கெடைக்கலன்னா எந்திரிச்சிருவேன். என்னால இங்கன உக்கார முடியல."

நந்தகோபால் நிறுத்திவிட்டார்.

கயிறு என்றதும் ஹெப்சிபாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பட்டை கட்டிய முதல் வாரத்தில் இசக்கியின் அக்காவுக்குக் கல்யாணம். கல்யாண வீட்டுக் கூத்தெல்லாம் பதிவானால் நகல் கெட்டுவிடும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். எனவே இசக்கி தன் பட்டையை இவளிடம் கொடுத்துவிட்டுப் போனாள். வருகைப் பதிவில் ஒருத்திக்காக இன்னொருத்தி குரல் கொடுத்தவர்களுக்கு அது ஒரு தப்பாகவே தோன்றவில்லை. ஹெப்சிபா கைக்கு ஒன்றாக இரண்டையும் கட்டிக்கொண்டாள். அடையாளம் தெரிவதற்காக இசக்கி தன் பட்டையில் குலதெய்வக் கோயில் சிவப்புக் கயிற்றைச் சுற்றியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது, கோயில் கயிற்றோடு சர்ச்சுக்குள் போனால் அதே சர்ச்சுக்கு வரும் சித்தி பார்த்துவிட்டு அம்மாவிடம் வத்தி வைப்பாளே என்று ஹெப்சிபா கயிற்றை அவிழ்த்துப் பையில் போட்டாள். சாயங்காலம் வந்து திரும்பச் சுற்றினாள். தவறான கையில் இருந்த தன் பட்டையில் சுற்றியிருக்கிறாள். ஊரிலிருந்து வந்த இசக்கி, கயிறு இருந்த பட்டையை வாங்கிக் கட்டிக்கொண்டாள். மீதி மாதம் முழுக்க ஒருத்தியின் மனது இன்னொருத்தியின் பெயரில் பதிவாகியிருந்தது.

"பேரு நாங்க வைக்கறது. மனசு பட்டையிலேருந்து வர்றது," என்றார் நந்தகோபால். "இப்பப் புரியுது. பொய் ஆபீசுக்கு வெளில உலகமே கிடையாதும்மா. அது யாருக்குப் போன் போட்டாலும் அடிச்சிட்டே இருக்கும். எடுக்க ஆளில்ல. எந்தக் கம்பெனியில ஓட்டினாலும் ஒரு வருஷம் போன் போட்டுப் பாத்துட்டு எழுந்து போயிருக்கு."

"இப்பம் அது எங்க?"

"நிறுத்தியாச்சு. திரும்ப ஓட்டினா முதல் நாள்லேருந்து. உங்ககிட்டப் பேசினது ஞாபகம் இருக்காது."

எத்தனை கம்பெனிகள், அத்தனை வருடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு இசக்கி மாலை தவறாமல் போன் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். இங்கே நிஜமாகவே அடித்த போனை இவளும் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். ஹெப்சிபா போனை எடுத்துத் தவறவிட்ட அழைப்புகளை எண்ணிப் பார்த்தாள். அதே மூச்சில் கோபமும் பொங்கியது. ஒன்றரை வருடம்! பதினாலு என்று கூப்பிட்டார்களே, குழாயைத் திறந்துவிட்டு அழுதேனே, அப்போதெல்லாம் இவளுக்குத் தெரியும்!

நந்தகோபாலுக்குள் இருந்த வியாபாரி அதற்குள் விழித்துக்கொண்டார். "அம்மா, நல்லதைப் பாருங்க. யார் நகல் நின்னுச்சோ இடம் அவங்களுக்குத்தான். ஒரு புகார் குடுத்தாப் போதும், தரமணி சீட் உங்களுது. நாலு நாள் கூட ஆகாது."

அவள் வாசல் வரை போய்த் திரும்பினாள். "சார், இசக்கி பேர்ல நின்னது என் நகல்லா? அது அஞ்சு வருசத்துல யாருக்காவது போன் போட்டிருக்குமா?"

அவர் பிஸ்கட்டை எடுத்துக் கடித்தார். பொய் சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது.

"நான் ஓட்டின காலத்துல பாத்திருக்கேன்," என்றார். "நிக்கற நகல் எதுவும் போன் போடாதும்மா. அதனாலதான் நிக்குது."

தரமணிக்குப் போகும் பேருந்தில் அவளால் உட்கார முடியவில்லை. இருக்கை காலியாக இருந்தும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போனதும் கேட்க வேண்டியதை எல்லாம் வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்தாள். திருடி என்ற சொல்லில் வந்து நின்றாள். அது அளவுக்கு அதிகமா, குறைவா என்று தெரியவில்லை.

கம்பெனி வாசலில் இளநீர் வண்டிக்குப் பக்கத்தில் இசக்கி நின்றிருந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். நகமெல்லாம் கடித்துக் கடித்துச் சதை தெரிந்தது. கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காணோம். ஹெப்சிபாவைப் பார்த்ததும் ஓடி வந்தாள்.

"ஒனக்குத்தான் போன் போட எடுத்தேன். நீயே வந்துட்ட. ஏளா, கெடச்சிட்டா?"

"இல்ல."

"கெடச்சிட்டு," என்றாள் இசக்கி. "காலையில பேப்பர் போட்டுட்டேன். எச்.ஆர். அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன், கயிறு மாறுனது, நான் வாயப் பொத்திக்கிட்டு இருந்தது எல்லாம். பதிவுகளை எடுத்துப் பாத்தாங்க. எடம் ஒனக்குத்தானாம். சந்தோசம்தான் அவங்களுக்கு. அஞ்சு வருசம் நிக்கிற ஆளு வெளிய நிக்காளேன்னு சொன்னாங்க."

"ஒனக்கு?"

"ரெண்டு வருசம் பட்ட கட்டக் கூடாதாம். அது கெடக்கு. தென்காசியில ஒரு ஜவுளிக்கடையில ஆள் கேக்காங்க. அங்க நகல் கிகல் எல்லாம் கெடையாது, அண்ணாச்சி மூஞ்சியப் பாத்து எடுப்பாரு." சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "திட்டுளா. நாலு வார்த்தை திட்டிட்டுப் போ. தூங்கி எத்தன நாளாச்சு தெரியுமா?"

இந்த இடத்தில் ஹெப்சிபாவுக்கு முதலில் வந்தது கோபமல்ல, அழுகையும் அல்ல. சந்தோஷம். வேலை கிடைத்துவிட்டது என்ற பச்சையான சந்தோஷம். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. எதிரே ஒருத்தி கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். ஹெப்சிபாவின் கை தன்னையறியாமல் பையில் இருந்த தண்ணீர் பாட்டிலைத் தேடியது. மூடியைத் திறந்த பிறகுதான் திடுக்கிட்டு, அதை இசக்கியிடம் நீட்டினாள்.

"சாப்பிட்டியா?" என்று கேட்டாள். இந்த ஒன்றரை வருடத்தில் அவள் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இசக்கி அதற்கே விம்மிவிட்டாள்.

இப்போது தரமணியில் அந்த இருக்கையில் ஹெப்சிபா இருக்கிறாள். நல்ல இருக்கை, ஜன்னலோரம். வேலையைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை. சேர்ந்த முதல் நாளே போனில் சாயங்கால மணி ஒன்று வைத்தாள். அடிக்கும்போது திரையில் 'இசக்கி, கெடச்சிட்டா?' என்று வரும். தென்காசிக்குப் பேசுவாள். ஜவுளிக்கடையைவிட நல்லதாக, பட்டையில்லாத வேலை ஏதாவது கிடைத்ததா, சாப்பிட்டாளா, அக்கா குழந்தை எப்படி இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். கேட்டு முடித்ததும் பெரிய பாரம் இறங்கியதுபோல இருக்கும். நான் அந்த நகல் இல்லை, நான் போன் போடுகிறவள் என்று சொல்லிக்கொள்வாள். மழைக்காலம் வரைக்கும் ஒருநாள் விடவில்லை.

மழை பெய்த ஒரு சாயங்காலம் டீம் லீடர் கூப்பிட்டு, அவளை அடுத்த நிலைக்கு உயர்த்தப்போவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் மேசைமேல் இருந்த போன் அதிர்ந்தது. அவர் பேச்சை நிறுத்தி, "எடுக்கணுமா?" என்று கேட்டார்.

ஹெப்சிபா திரையைப் பார்க்காமலே விரலால் தள்ளிவிட்டாள்.

"இல்ல சார், சும்மா அலாரம்."

வேலை சீக்கிரம் முடிந்தது. விடுதிக்குப் போகும் வழியில் சூடாகப் பஜ்ஜி வாங்கித் தின்றாள். படுத்ததும் தூங்கிப்போனாள்.